மானிட்டரில் பார்த்த நிறம் தாளில் எங்கே?

லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் பழவேற்காடு ஏரிப் பூநாரைகளைப் படம் பிடித்த ஒருவர், அதை வைத்துக் காலண்டர் அடிக்கக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இறக்கையின் ரோஜா நிறம் பளீரென்று இருந்தது. அச்சாகி வந்தால் மங்கல்! "மை சரியில்லை" என்பார் இவர். "உங்க படமே அப்படித்தான்" என்பார் அச்சகக்காரர்.

இரண்டுமே தப்பாக இருக்கலாம். மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் மை விழுங்கியது போக மிச்சம்தான் நம் கண்ணுக்கு வரும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையால் திரையின் சில பளீர் நிறங்களை எட்டவே முடியாது. போதாததற்கு மானிட்டருக்கு மானிட்டர் நிறம் மாறும். (டிவி கடையில் வரிசையாக ஓடும் டிவிகளைப் பாருங்கள்!) 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவைக் கொண்டுவந்தன. பிரைட்னஸை இஷ்டத்துக்கு ஏற்றிவைத்தால் அது என்ன செய்யும்?

சரி, நஷ்டம் யாருக்கு? காமர்ஸ் மாணவர்களுக்கு 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 17-வது பிரிவு ஞாபகம் இருக்கும். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அதற்கு ஒத்திருக்க வேண்டும். அச்சு வேலைக்கு அது நேராகப் பொருந்துமா என்பது வக்கீல்கள் பாடு. யோசனை நன்றாகவே பொருந்துகிறது. திரையை யாரும் மாதிரியாக எடுக்கக் கூடாது. அதே தாளில் ஒரு புரூஃப் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, வாடிக்கையாளர் கையெழுத்துப் போடட்டும். புரூஃபுக்கு ஆகும் காசையும் அவரே தரலாம், ஆயிரம் காலண்டர் வீணாவதை விட அது மலிவு. அதற்குப் பிறகும் நிறம் மாறினால் அச்சகம்தான் பொறுப்பு.