அடிப்பவன் கையில் உங்கள் பிரவுசர்!

ஒரு சின்னக் கடை. நாளுக்கு நாற்பது பேர் வந்து போகும் இடம். திடீரென்று ஒரு காலையில் லட்சம் பேர் வாசலில் முண்டியடிக்கிறார்கள். ஒருவர்கூடச் சரக்கு வாங்க வரவில்லை. விலை கேட்கிறார்கள், பதில் சொல்லுமுன் மீண்டும் கேட்கிறார்கள். உண்மையான வாடிக்கையாளர் உள்ளே நுழைய முடியுமா?

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! இது வெறும் கற்பனை அல்ல. 2015 மார்ச்சில் 'கிரேட்ஃபயர்' என்ற சிறிய அமைப்பின் இணையதளங்களுக்கு நேர்ந்த கதி இதுதான். அது செய்த குற்றம்? சீன அரசு தடுத்த செய்திகளைச் சீன மக்கள் படிக்க வழி செய்தது! மணிக்கு 260 கோடி கோரிக்கைகள் வந்து குவிந்தன. வழக்கத்தைவிட 2500 மடங்கு. செலவு நாளொன்றுக்கு 30 ஆயிரம் டாலர் வரை ஏறியதாக அந்த அமைப்பு அறிவித்தது. அதே மாத இறுதியில் 'கிட்ஹப்' தளமும் பல நாட்கள் தாக்கப்பட்டது.

அடித்தது யார் கை? இங்கேதான் கயமை! 'பைடு' நிறுவனத்தின் நிரல் இடம்பெற்ற பக்கங்களைத் திறந்த, சீனாவுக்கு வெளியே வாழும் அப்பாவிகளின் பிரவுசர்கள்தான் அடித்தன. அந்த நிரலை வழியிலேயே மறித்து, வேறொரு ஜாவா ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டார்கள். தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது பைடு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் 'சிட்டிசன் லேப்' 2015 ஏப்ரலில் இதை அம்பலப்படுத்தி, 'பெரும் பீரங்கி' என்று பெயரும் வைத்தது.

சிறியவனைக் காப்பது யார்? கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2014-ல் தொடங்கிய 'புராஜெக்ட் கலிலியோ', கூகுளின் 'புராஜெக்ட் ஷீல்டு' ஆகியவை இலவசப் பாதுகாப்பு தருகின்றன. நல்லதுதான். ஆனால் விண்ணப்பித்து, அவர்கள் ஏற்றால்தான் கிடைக்கும். எளியவனின் பேச்சுரிமை பெரிய கம்பெனியின் தயவில் தொங்குவதா?

பீரங்கிக்கு வழிவிட்டது எது? பூட்டப்படாத இணைப்பு! அந்த நிரல் 'ஹெச்டிடிபிஎஸ்' வழியே வந்திருந்தால், இடையில் புகுந்து மாற்றியிருக்க முடியாது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. இன்னும் என்ன சாக்கு?

உங்கள் கடையின் இணையதளத்தை இன்றே திறந்து பாருங்கள். பூட்டு இருக்கிறதா? எவனோ கொடுத்த தேவையற்ற நிரல்கள் ஒட்டிக் கிடக்கின்றனவா? பிடுங்கி எறியுங்கள்! நம் வாடிக்கையாளரின் கையில் கல்லைத் திணித்து இன்னொரு எளியவன்மீது எறியவைக்க, நம் வாசல் வழியாகிவிடக் கூடாது. சிந்தியுங்கள்!