மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாளி எடுங்க

கிண்டியில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. அதற்கு மேல் மொட்டை மாடி, அங்கே தண்ணீர் டேங்க். டேங்க் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஷவரைத் திறந்தால் நூல் மாதிரிதான் தண்ணீர் விழும். ஷாம்பு போட்டுவிட்டால் அலச வாளிதான் கதி. தரைத்தளத்து வீட்டிலோ மழை மாதிரி கொட்டுகிறது.

போன மாதம் வந்த பிளம்பர் அண்ணா பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் பம்ப் ஒண்ணு போட்டுடுங்க சார், பிரச்சனை முடிஞ்சிடும்" என்றார். அப்பாவும் சரி என்றார். நான் நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர்கூட இல்ல. ஆனா அந்த நிமிஷம் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரல. அதுதான் உறுத்தியது.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே ரோ-ஜி-எச்தான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். எங்கள் ஷவருக்கும் டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே உயரம் சுமார் இரண்டரை மீட்டர், அதாவது கால் பார். தரைத்தளத்துக்கு மூன்று மாடி உயரம் கூடுதலாகக் கிடைப்பதால் 1 பாருக்கு மேல். ஆக, டேங்க் பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சனையே. கடையில் அழகாகத் தொங்கும் அகலமான ரெயின் ஷவர்கள் பலவற்றுக்கு இந்தக் கால் பார் போதாது.

ஆனால் உயரத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப்படி கீழ் வீட்டில் வருவதில் பாதியாவது எங்களுக்கு வர வேண்டும். அதுவும் வரவில்லை. அப்போ வேற எங்கயோ அடைப்பு.

மறுநாள் 10 லிட்டர் வாளியும் போன் ஸ்டாப்வாட்சும் எடுத்தேன். ஷவரில் வாளி நிறைய 4 நிமிஷம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டுப் பிடித்தால் ஒன்றரை நிமிஷம். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. போர் தண்ணீர் உப்பு, அந்தச் சின்னத் துளைகளில் பாதியை வெள்ளையாக அடைத்திருந்தது. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. கால்சியம் கார்பனேட்டும் அமிலமும், பத்தாம் வகுப்புப் பாடம்! அடுத்து மொட்டை மாடிக்குப் போனால், எங்கள் லைனின் கேட் வால்வு பாதிதான் திறந்திருந்தது. எப்போதோ ரிப்பேருக்கு மூடியவர்கள் முழுசாகத் திறக்கவில்லை. இரண்டும் சரியான பிறகு வாளி நிறைய ஒன்றரை நிமிஷம்தான். அருவி இல்லை, ஆனால் ஷாம்பு போகும். செலவு, ஒரு பாட்டில் வினிகர்.

உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் பாருங்கள். தலையைக் கழற்றினால் நன்றாக வருகிறதா? அடைப்பு தலையில். சுடுதண்ணீர் மட்டும் குறைவா? கீசரையும் அதன் வால்வையும் பாருங்கள். எல்லாக் குழாயிலும் குறைவா? டேங்க் வால்வு, பைப் அளவு, அல்லது லைனில் ஏர் பிடித்திருக்கலாம். பைப் அளவு சின்ன விஷயம் இல்லை. அதே அளவு தண்ணீர் முக்கால் இன்ச்சுக்குப் பதில் அரை இன்ச் பைப்பில் போனால் உராய்வு இழப்பு ஏழு மடங்குக்கு மேல். டேங்க்கைத் தூக்கி வைக்கலாமே என்றால், 1000 லிட்டர் என்பது ஒரு டன் எடை. நாலு செங்கல்லை அடுக்கி வைக்கிற வேலை இல்லை, சிவில் நண்பரிடம் கேளுங்கள். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

இதை ஏன் கட்டுரையாக எழுதுகிறேன்? நம் ஊரில் "பிரஷர் இல்லை" என்றாலே கை மோட்டாருக்குப் போகிறது. அதன் மோசமான வடிவம், மெட்ரோ வாட்டர் லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அது விதிமீறல். அதைவிட, அது பக்கத்து வீட்டின் பங்கு. ஒரு வீடு உறிஞ்சினால் தெருக்கோடியில் இருப்பவர் குடத்தோடு நிற்கிறார். குழாயில் வெற்றழுத்தம் உண்டானால் விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். அதைக் குடிப்பது உறிஞ்சியவரும்தான். இத்தனைக்கும் தெரு லைன் தண்ணீர் முதலில் நம் சம்ப்புக்குத்தான் வருகிறது. ஷவர் பிரஷரைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் டேங்க்.

2019 கோடையில் நாமெல்லாம் பள்ளியில் இருந்தோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்காகக் குடம் வரிசையில் நின்றதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த ஊரில் இருந்துகொண்டு, எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதை மட்டும் வசதியின் அளவுகோலாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பம்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. எல்லாம் சரிபார்த்தும் உயரம் போதவில்லை என்றால், டேங்க்குக்குப் பிறகு உங்கள் சொந்த லைனில் போடுங்கள். பொது லைனில் போட்டால் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் குறையும். ஆனால் அது கடைசிப் படி. நாம் அதை முதல் படியாக வைத்திருக்கிறோம்.

பிளம்பர் அண்ணா மேல் எனக்குக் கோபம் இல்லை. சோதித்துப் பார்க்கும் நேரத்துக்கு அவருக்கு யாரும் காசு தருவதில்லை. எனக்கு நேரமும் இருந்தது, படிப்பும் இருந்தது. ஆனாலும் 21 வயதுவரை ஒரு ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களாவது கழற்றிப் பாருங்கள்.