லாரியில் போவது மரம் மட்டுமல்ல, எங்கள் கண்மாய்த் தண்ணியும்தான்!

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. ஆயிரக்கணக்கான கண்மாய்கள் மழையை நம்பித்தான் கிடக்கின்றன. அந்த மழைத்தண்ணி வழிஞ்சு வர்ற மேட்டுக்காட்டில் வனத்தோட்டக் கழகம் தைல மரத்தை நட்டு வச்சிருக்கு. போதாததுக்கு, தோட்டத்துத் தண்ணி வெளியே போகக்கூடாதுன்னு குறுக்கே வரப்பு, குழி! அப்புறம் வரத்து வாரியில் என்ன வரும்? காத்துதான் வரும்.

ஆறேழு வருஷத்தில் வெட்டுவார்கள். கட்டை மறுபடி துளிர்க்கும், மறுபடி உறிஞ்சும். வெட்டின மரம் காகித ஆலைக்குக் கூழாகப் போகும். விற்கும் வனத்தோட்டக் கழகம், 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம். அதனிடம் வாங்கும் கரூர் காகிதபுரம் டி.என்.பி.எல். ஆலையும் தமிழ்நாடு அரசு தொடங்கியதே! தனியார் முதலாளி கேட்கமாட்டான் என்று சாக்குச் சொல்ல இங்கே இடமே இல்லை. இத்தனைக்கும் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து உலகத்துக்கே பேர் காட்டிய ஆலை அது.

வேலை கிடைக்குதே என்பார்கள். வெட்டுற நாலு நாள் கூலிக்கு, ஒரு ஊரோட நெல்லு விலையா?

கர்நாடக அரசு 2017-லேயே புதிதாகத் தைல மரம் நடத் தடை போட்டது. இங்கே ஏன் முடியாது?

கண்மாய் நீர்ப்பிடிப்பில் இனி ஒரு தைலங்கன்றும் நடக்கூடாது. குறுக்கு வரப்புகளை உடனே வெட்டி விடு. அந்த மரத்தை டி.என்.பி.எல். வாங்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்லட்டும்.

தோழர்களே, அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாங்க. பதிவேட்டில் ஏற்றாமல் எழுந்திரிக்காதீங்க!

#தைலமரத்தை_அகற்று #கண்மாயைக்_காப்போம்