குதிரை தாண்டுவதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் எதற்கு?

பள்ளி நேரத்தில் மாணவர்களை விளையாட்டுப் போட்டி பார்க்க அழைத்துப் போவது நல்லதா, வீண் வேலையா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் 2010ஆம் ஆண்டைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 முதல் 26 வரை முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தன. மொத்தம் 26 விளையாட்டுகள். 14 முதல் 18 வயது வரையிலான ஏறக்குறைய 3,600 பேர் பங்கெடுத்தார்கள். பள்ளிகளிலிருந்து மாணவர்கள் பேருந்து பேருந்தாகப் போய்ப் பார்த்தார்கள். காலி இருக்கைகளை நிரப்பத்தான் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள் என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு.

அழைத்துப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொடுக்காமல் அழைத்துப் போவதைத்தான் குறை சொல்வேன். இதற்குக் குதிரை தாண்டும் போட்டியை விட நல்ல உதாரணம் கிடையாது.

நான் அப்போது தொடக்கநிலை ஒன்று. அக்கா உயர்நிலை இரண்டு. கிராஞ்சியில் நடந்த குதிரை தாண்டும் போட்டிக்கு அவள் வகுப்பை அழைத்துப் போனார்கள். இன்று கேட்டால் அவளுக்கு நினைவிருப்பது மூன்றே மூன்று: வெயில், பொட்டலச் சாப்பாடு, பள்ளியில் கொடுத்தனுப்பிய காற்றடைத்த கைத்தட்டுக் குச்சிகள். அந்தக் குச்சிகளையும் அங்கே தட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், குதிரை மிரளும் என்று. யார் ஜெயித்தார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்பது அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

இத்தனைக்கும் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். தடைகளின் கம்புகள் இறுக்கிக் கட்டப்பட்டவை அல்ல. சிறிய தாங்கிகளில் சும்மா வைக்கப்பட்டவை. குதிரையின் குளம்பு பட்டால் உருண்டு விழும். ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் தண்டம் உண்டு. குறித்த நேரத்தைக் கடந்தாலும் உண்டு. குறைவான தண்டப் புள்ளிகள் வாங்கியவரே வெற்றியாளர். இருவர் சமமாக முடித்தால், தடைகளைக் குறைத்து இன்னொரு சுற்று வைப்பார்கள். அதில் வேகமும் பார்க்கப்படும்.

இதில் எனக்குப் பிடித்தது போட்டி தொடங்குவதற்கு முன் நடக்கும் ஒரு வேலை. வீரர்கள் குதிரையில்லாமல் களத்துக்குள் நடந்து போய், ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே உள்ள தூரத்தைக் காலடியால் அளப்பார்கள். ஓடும் குதிரையின் ஓர் எட்டு சுமார் 12 அடி. அது மனிதருக்கு நான்கு பெரிய எட்டு. இத்தனை எட்டில் வந்து இங்கே எம்ப வேண்டும் என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மணி அடித்து உள்ளே வந்த பிறகுதான் அது அந்தப் பாதையில் ஓடப்போகிறது. ஆக, மேலே உட்கார்ந்திருப்பவரை நம்பித்தான் அது தாண்டுகிறது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் கண்கொட்டாமல் பார்க்கும்.

2010இல் இன்னொரு சிறப்பும் இருந்தது. ஒருவரும் சொந்தக் குதிரையோடு வரவில்லை. குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. விலையுயர்ந்த குதிரை வைத்திருப்பவர் வெல்லும் விளையாட்டு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முன்பின் தெரியாத ஒரு மிருகத்தோடு சில நாட்களில் பழகி, அதன் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும். இந்த விளையாட்டில் ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் மோதுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் பிரிவில் உருகுவேயின் மார்செலோ சிரிக்கோ தங்கம் வென்றார். வெண்கலம் சவூதி அரேபியாவின் தல்மா மல்ஹாஸுக்கு. ஒலிம்பிக் அமைப்பு நடத்திய ஒரு போட்டியில் பதக்கம் பெற்ற முதல் சவூதிப் பெண் அவர்தான். அதுவரை சவூதி அரேபியா ஒலிம்பிக்கிற்குப் பெண்களை அனுப்பியதே இல்லை. 2012இல் லண்டனுக்குத்தான் முதன்முதலாக இருவரை அனுப்பியது. நம் ஊரில், நம் பிள்ளைகளின் கண்முன்னே நடந்த வரலாறு இது. எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இது பணக்காரர் விளையாட்டு, வீவக வீட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வீட்டில் கிடைக்காததைக் காட்டத்தானே பள்ளி இருக்கிறது? அதிலும் நம் ஊரில் குதிரையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 1843இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயத்தோடு முடிந்துபோனது. அந்த நிலம் அரசாங்கத்திடம் திரும்பப் போகிறது.

குதிரையைத் துன்புறுத்தும் விளையாட்டு என்பது இன்னொரு வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியில் இதேபோலக் குலுக்கலில்தான் குதிரை கொடுத்தார்கள். ஆனால் பழகக் கிடைத்ததோ வெறும் 20 நிமிடம். முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனை அன்னிகா ஷ்லாய்க்குக் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே அதை அடித்து விரட்டியதையும், பயிற்சியாளர் குதிரையை முஷ்டியால் குத்தியதையும் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பயிற்சியாளரை வெளியேற்றினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

கிராஞ்சியையும் தோக்கியோவையும் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் பேசினால் எவ்வளவு நல்ல விவாதம் வரும்! குதிரை சம்மதித்தா தாண்டுகிறது? மறுக்க அதற்கு உரிமை உண்டா? பதக்கத்துக்காக எதுவரை போகலாம்? விலங்குகளிடம் அன்பாக இரு என்று புத்தகத்தில் படிப்பதை விட இது மனத்தில் நிற்கும். விளையாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு ஒரு மாணவன் வந்தால் வரட்டும். பார்த்து, யோசித்து வந்த முடிவாக இருக்கும்.

2029இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளைச் சிங்கப்பூர் ஏற்று நடத்தவிருக்கிறது. மறுபடியும் பள்ளிகளிலிருந்து பேருந்துகள் புறப்படும். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, போவதற்கு முன் ஒரு பாடவேளை ஒதுக்கி விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு பாடவேளை பேசவிடுங்கள். இரண்டு பாடவேளை ஒதுக்க நேரமில்லை என்றால், பிள்ளைகளை வகுப்பிலேயே விட்டுவிடுங்கள். கைத்தட்டுக் குச்சிச் செலவாவது மிஞ்சும்.