பொனற்றைத் திறக்க முதல் குனிந்து பாருங்கள்

ஓய்வு பெற்றதும் நம்மவர் சிலருக்கு ஓர் ஆசை வருகிறது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது. இனியாவது கூரை திறக்கிற இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வாங்கி ஓட வேண்டும் என்று. அதை நான் பிழை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் அதற்குக் கைக்கெட்டும் விலையில் அகப்படுவது பெரும்பாலும் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 தான். 1989இல் வந்த முதல் வகை, 1998இல் வந்த இரண்டாம் வகை இரண்டும் இன்னும் விற்பனைக்கு வருகின்றன.

ஆனால் நாங்கள் பார்க்கிற பார்வை மாற வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் பழைய ஓஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் நாங்கள். கார் என்றால் எங்களுக்கு எஞ்சின்தான். சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிவிடுவோம். இங்கே மாரியில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். எஞ்சின் பழுதானால் திருத்தலாம், வேறொன்று போடலாம். உடம்பை உப்புத் தின்றால் காரின் விலையைவிட ஒட்டுவேலைக்குக் கூடப் போகும்.

எம்எக்ஸ்-5இல் முதலில் கறள் பிடிப்பது கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதி, அதிலும் பின் சில்லுக்கு முன்னால். கூரையில் விழும் மழைநீர் வடிகிற துளைகள் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. குப்பை அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். அது பிடிக்காத இடத்தில் இரும்பில்லை, பூச்சுத்தான். இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தொட்டு ஈரம் பாருங்கள். இரண்டாம் வகையென்றால் முன்பக்கச் சட்டத்தையும் கராஜில் தூக்கிப் பார்ப்பிக்க வேண்டும்.

பிறகுதான் எஞ்சின். நீங்கள் போகுமுன் சூடாக்கி வைக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கம் அது செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

கடுதாசிகளும் முக்கியம். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய எம்ஓடி சோதனை விபரங்களை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிய மைல் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, கறள் பற்றி ஆண்டுதோறும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வி5சி பத்திரம் உரிமைக்கு அத்தாட்சியல்ல. கடன் நிலுவை உண்டா என்று தனியே விசாரிக்க வேண்டும். லண்டனில் இருப்பவர்கள் யூலெஸ் கட்டணத்தை மறக்கக்கூடாது. 2023 ஓகஸ்ட் முதல் அது எல்லாப் பகுதிக்கும் உண்டு. தரத்துக்கு உட்படாத கார் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்.

இன்னொன்று, உங்கள் முழங்காலையும் சோதியுங்கள். இருக்கை நிலத்தோடு ஒட்டியது. மூன்று தரம் ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஓய்வூதியப் பணம் திரும்ப உழைக்கிற பணமல்ல. அதனால் கையிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் கார் பாருங்கள். மினுங்குகிற காரைவிட, பற்றுச்சீட்டுக் கட்டோடு வருகிற மங்கல் கார் மேல்.