பதின்மூன்று வயதோடு வேதம் முடிந்ததோ?

சிங்கப்பூரில் வாட்டர்லூ வீதி வழியே செல்லும் அன்பர்கள், 1878ஆம் ஆண்டில் எழுந்த மகேன் அபோத் என்னும் யூதர் ஜெப ஆலயத்தைக் கண்டிருப்பர். பாக்தாத் நகரை மூலமாகக் கொண்டு வாணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய ஒரு சிறு கூட்டத்தார் கட்டிய ஆலயம் அது. 1955ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதலாவது முதலமைச்சராகப் பதவியேற்ற டேவிட் மார்ஷல் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. தமக்கென ஓர் அரசின்றி ஈராயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் பல தேசங்களில் சிதறிக் கிடந்தும் அழியாது நின்றவர்கள் யூதர்கள். அவர்களை அழியாது காத்தது எது? படையா? பொருளா? படிப்பே என்று அவர்கள் பெருமையோடு கூறுவர். அப்பெருமை உண்மையே. ஆனால் அவர்களது மிகப் பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாகிய அமெரிக்க நாட்டில், அப்படிப்பிற்கு நேர்ந்திருக்கும் கதியை எண்ணும்போது நகைப்பும் துயரமும் ஒருங்கே தோன்றுகின்றன.

சங்கதி இதுதான். யூதச் சிறுவனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பியதும் அவன் ‘பார் மிட்ஸ்வா’ ஆகிறான். கட்டளையின் மகன் என்பது அச்சொல்லின் பொருள். அன்று முதல் வேதக் கட்டளைகளைக் காக்கும் பொறுப்பு அவனையே சாரும். பெண்ணுக்கு இந்நிலை வைதிகர் கணக்கில் பன்னிரண்டு வயதில் வருகிறது. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இருபாலார்க்கும் பதின்மூன்றே கணக்கு. ஓய்வு நாளில் சபை நடுவே நின்று பிள்ளை தோராச் சுருளை ஓதுகிறான். பெற்றோர் கண் கலங்குகின்றனர். உறவினர் வாழ்த்துகின்றனர். விருந்து நடக்கிறது. இதுவரை குறை கூற ஒன்றுமில்லை. மறுவாரம் நடப்பதென்ன? வேத வகுப்பில் அவனுடைய இடம் காலியாகக் கிடக்கிறது!

பகலில் பொதுப்பள்ளிக்குச் சென்று, மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஜெப ஆலயத்தை அடுத்த பாடசாலையில் சமயக் கல்வி பெறும் பிள்ளைகளுள் பெரும்பகுதியினர், இச்சடங்கு முடிந்த சில ஆண்டுகளுக்குள் விடைபெற்றுக்கொள்கின்றனர். இதனை அவர்களுடைய பகைவர் எவரும் கட்டிவிடவில்லை. அவர்களுடைய சபையாரே பல்லாண்டுகளாகப் புலம்பி வரும் செய்தி இது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கச் சீர்திருத்த யூதர் சங்கமும் எபிரேய யூனியன் கல்லூரியும் சேர்ந்து, இச்சடங்கின் முறையையே மாற்றி அமைக்க வேண்டுமென ஒரு முயற்சியைத் தொடங்க நேர்ந்ததென்றால், நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கடமை தொடங்கும் நாளைக் கல்வி முடியும் நாளாக்கிவிட்டனர். வாயிற்படியில் கால் வைத்தவனுக்கு மாலையிட்டு, வீட்டினுள் அழையாமல் தெருவுக்கே திருப்பி அனுப்புவது போன்றது இச்செயல்.

வைதிகத்தின் ஏடுகளேனும் இதற்கு இடந்தருகின்றனவா என்றால், அதுவும் இல்லை. முன்னோர் மொழிகள் எனப் பொருள்படும் ‘பிர்க்கே அவோத்’ என்னும் பழைய நூல், மனிதன் இன்ன வயதில் இன்னது செய்யத்தக்கவன் என வரிசைப்படுத்துகிறது. ஐந்தில் வேதம், பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள், பதினைந்தில் தல்மூத், பதினெட்டில் திருமணம் என்பது அவ்வரிசை. அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குங்கள். தல்மூத் என்பது வாதமும் எதிர்வாதமும் நிறைந்த பெருங்கடல். ஹில்லேல் கூட்டத்தார் ஒன்று கூறுவர்; ஷம்மாய் கூட்டத்தார் மறுப்பர்; தோற்ற கட்சியின் சொல்லையும் அழிக்காமல் எழுதி வைத்திருக்கிறது அந்நூல். ஏன், எதற்கு என்று பிள்ளையின் உள்ளம் துருவத் தொடங்கும் பருவமறிந்து, வினாக்கள் நிறைந்த நூலை அவன் கையில் கொடுக்கச் சொன்னார்கள் முன்னோர். இக்காலத்துப் பெற்றோரோ அதற்கு இரண்டாண்டு முன்னரே ஏட்டை மூடிவிடுகின்றனர். பிள்ளை அறிந்தது யாது? தனக்குரிய பகுதியை இராகத்தோடு ஒப்பிக்க மட்டுமே அறிந்தான். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு மனனம் செய்தான். பல வேளைகளில் ஓதியதன் பொருளை அறியான். கிளிக்குப் பேச்சுக் கற்பித்து, அது பேசிய அன்றே கூட்டைத் திறந்துவிட்டு, அதற்குக் கல்வி நிரம்பிற்று என்று விருந்துண்பார் உண்டோ?

இந்நிலை எவ்வாறு விளைந்தது? பிள்ளைகளின் சோம்பலே காரணம் என்று சபை மூத்தோர் கைகாட்டுகின்றனர். யாம் அதனை மறுக்கிறோம். குற்றம் மூத்தோருடையது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சபைகள் பல ஓர் உபாயம் செய்தன. பெற்றோர் சடங்கை விரும்புகின்றனர், படிப்பை விரும்பவில்லை. ஆதலின், இத்தனை ஆண்டு பாடசாலைக்கு வந்தாலன்றிச் சடங்கு இல்லை என விதி வகுத்தன. வகுப்புகள் நிரம்பின. ஆனால் அவ்விதி பிள்ளையின் உள்ளத்தில் எழுதிய பாடம் என்ன? படிப்பு கூலி, சடங்கு பொருள். பொருள் கைக்கு வந்தபின் கூலி கொடுப்பான் எவன்? தூண்டிலில் இரை வைத்தவர்கள், மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயிற்றே என்று மீனை வைகிறார்கள்!

விருந்தின் ஆடம்பரமோ சொல்லுந்தரமன்று. ஒரு காலத்தில் அச்சிறுவர்க்கு ஊற்றுப்பேனா பரிசளிப்பது பெருவழக்காயிருந்தது. ‘இன்று நான் ஆண்மகனானேன்’ எனப் பேச வேண்டிய பிள்ளை, ‘இன்று நான் ஊற்றுப்பேனாவானேன்’ எனப் பேசுவதாக அவர்களே ஒரு வேடிக்கைப் பேச்சுக் கட்டி நகைத்தனர். பேனாக்கள் பெருகின, எழுத்து வளர்ந்ததா? நியூயார்க்கில் வாழ்ந்து 1986இல் மறைந்த ரபி மோஷே பைன்ஸ்டைன், வைதிகருள் தலைசிறந்த தீர்ப்பாளர். இவ்விழாக்கள் எவரையும் வேத வழிக்குக் கொணரவில்லை என்றும், தம் கையில் வலிமையிருந்தால் அமெரிக்காவில் இவற்றை நிறுத்திவிடலாம் என்றும் கருத்துப்பட எழுதினார். வைதிகர் வாயிலிருந்தே இத்தீர்ப்பு வந்த பின்னர், சீர்திருத்தக்காரர் வாய் மூடியிருப்பது அழகன்று.

“பதினைந்து வயதுப் பிள்ளைகளை எவரால் கட்டி வைக்க முடியும்? அது அடங்காத பருவம்” என்பர் சிலர். இதுவும் புதிய புலம்பலன்று. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைமைக் குருவாயிருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து ஆறேழு வயதுச் சிறுவரைப் பள்ளியில் சேர்த்தார் எனத் தல்மூத் அவரைப் போற்றுகிறது. அதற்கு முன்னிருந்த ஏற்பாட்டில் பதினாறு, பதினேழு வயதினரையே சேர்த்தனராம். ஆசிரியர் சினந்தால் அவ்விளைஞர் எதிர்த்துக்கொண்டு வெளியேறினராம். பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கதை! யோசுவா சிறுவருக்கு வழி கண்டார். இளைஞருக்கு வழி காண்பது பின்வந்தோர் கடன். அதட்டினால் இளைஞன் போய்விடுவான் என்று அப்பழங்கதையே எச்சரித்த பின்னும், அதட்டலையும் மனனத்தையும் அன்றி வேறொன்றும் அறியாத பாடசாலை அவனை எங்ஙனம் நிறுத்தும்?

“பரீட்சை இருக்கிறது, பந்தாட்டம் இருக்கிறது, நேரமில்லை” என்பது மற்றொரு சாக்கு. வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடையாதா? 1924இல் தொடங்கிய பெனே பெரித் இளைஞர் கழகத்திலும், 1947இல் விஸ்கான்சின் மாநிலத்தில் முதன்முதல் கூடிய ராமா கோடைப் பாசறையிலும், பின்னர் அவற்றைப் போன்ற பலவற்றிலும் இளைஞர் விரும்பிக் கூடினரே! அங்கே அவர்களுக்குப் பேச வாயும், செய்ய வேலையும், மதிக்கும் துணையும் கிடைத்தன. விளையாட்டோடு எபிரேயமும் வேதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆகவே இளைஞர்க்கு ஆர்வமில்லை என்பது பொய். தம்மைக் குழந்தையாக நடத்தும் இடத்தில்தான் அவர்களுக்கு ஆர்வமில்லை.

வழி தேடியவர் முன்னும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியச் சீர்திருத்த யூதர்கள், பதின்மூன்று வயது முதிர்ச்சிக்குப் போதாது எனக் கண்டு, உறுதிப்படுத்தல் என்னும் வேறொரு விழாவை ஏற்படுத்தினர். அமெரிக்காவில் அது ஏறத்தாழப் பதினாறு வயதில், ஆணும் பெண்ணும் ஒருங்கு நின்று செய்வதாக வளர்ந்தது. எண்ணம் நன்று. ஆனால் பழைய சடங்கு பின்னர் முழு ஆரவாரத்தோடு திரும்பிவர, புதியது மெலிந்தது. ஒரு வெளிவாயிலுக்கு அப்பால் இன்னொரு வெளிவாயில் கட்டினால் வீடு நிரம்புமோ?

பெண்கள் நிலையை நோக்குவோம். போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்னும் தையற்காரப் பெண்மணி, ஆண்பிள்ளைகள் யெஷிவாக்களில் வளர, பெண்பிள்ளைகள் சமயக் கல்வியின்றி விடப்பட்டதைக் கண்டு மனம் நொந்து, 1917இல் சிறுமியர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே பெய்த் யாக்கோவ் என்னும் பேரியக்கமாகப் பரவிற்று. 1922 மார்ச் 18இல் நியூயார்க்கில், ரபி மொர்தெகாய் கப்லான் தம் பன்னிரண்டு வயது மகள் ஜூடித்தைச் சபை நடுவே வேதம் ஓதச் செய்தார். அச்சிறுமிக்குச் சுருள் கிடைக்கவில்லை. அச்சிட்ட நூலிலிருந்தே ஓதினாள். ஆனால் அவள் அத்துடன் நிற்கவில்லை. இசையாராய்ச்சியில் தேர்ந்து, யூத இசையைப் பற்றி நூல்கள் எழுதி, பிறர்க்கு ஆசிரியையுமானார். சுருள் மறுக்கப்பட்ட பெண் வாழ்நாளெல்லாம் கற்றார். சுருளைக் கையில் ஏந்தப் பெற்ற பிள்ளைகளோ அடுத்த வாரமே மறைகின்றனர். வெட்கப்பட வேண்டியவர் யார்?

“எங்களிடம் வாருங்கள்; எங்கள் பிள்ளைகள் பதின்மூன்றுக்குப் பின்னரே உண்மையில் படிக்கத் தொடங்குகின்றனர்” என்று தீவிர வைதிகர் மார்தட்டுவர். அவர்களுடைய விடாமுயற்சிக்கு வணக்கம். ஆயினும் நியூயார்க்கில் அவர்களுடைய யெஷிவாக்கள் சிலவற்றில் பயின்று வெளிவந்தவர்களே, தமக்கு ஆங்கிலமும் கணக்கும் விஞ்ஞானமும் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை என 2015ஆம் ஆண்டு முறையிட்டனர். பொதுக் கல்விக்கு நிகரான கல்வி வேண்டுமென 2022இல் அம்மாநிலக் கல்விக் குழு விதி செய்தது. அதன் பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. ஒரு சாரார் வேதத்தை மூடி உலகத்தைத் திறந்தனர். மற்றொரு சாரார் வேதத்தைத் திறந்து உலகத்தை மூடினர். இருவரும் பிள்ளைக்கு ஒரு கண்ணையே விட்டுவைத்தனர்.

“சமயக் கல்வி ஒழிந்தால் ஒழியட்டுமே, பகுத்தறிவு வளருமே” என்பார் நம்முள்ளும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். படித்து, ஆராய்ந்து, தள்ள வேண்டியதைத் தள்ளுவது பகுத்தறிவு. படிக்காமலே மறப்பது அறியாமை. பன்னிரண்டு வயதில் கேட்ட நோவாவின் பேழைக் கதையோடு நின்றவன், நாற்பது வயதிலும் அக்கதையளவே தன் சமயத்தை அறிவான். அதனை நம்பினாலும் குழந்தையாக நம்புவான். வெறுத்தாலும் குழந்தையாக வெறுப்பான். அத்தகையவன் நாளை ஒரு பிள்ளைக்குத் தந்தையாகி, தானறியாத ஒன்றைக் கூலியாள் வைத்துக் கற்பிக்கப் பார்ப்பான். அவன் மகனும் பதின்மூன்றில் நிற்பான். 1939 முதல் 1945 வரை நாஜிகள் அறுபது லட்சம் யூதரைக் கொன்று, போலந்திலும் லித்துவேனியாவிலும் நூற்றாண்டுகளாக விளங்கிய கல்வி நிலையங்களைச் சாம்பலாக்கினர். பகைவன் எரித்தது போக எஞ்சியதை வீட்டார் அலட்சியத்தால் இழப்பதோ?

செய்யத்தக்கது யாது? சடங்கைப் பரிசாக்குவதை ஒழிக்க. பதினான்காம் ஆண்டின் பாடத்தைச் சடங்கிற்கு முன்னரே தொடங்கி, சடங்கு அதன் நடுவில் வருமாறு செய்க. மனனத்தைக் குறைத்து வாதத்தைக் கூட்டுக. இளைஞனைச் சிறுவர்க்கு உதவி ஆசிரியனாக்குக, கற்பிப்பவன் கற்பான். கடவுளை ஐயுறும் பிள்ளையை வெளியே தள்ளாமல் முன்வரிசையில் இருத்துக. எல்லாவற்றிற்கும் மேலாகப் பெற்றோர் தாமே ஏட்டைத் திறக்க. தந்தை திறவாத நூலை மகன் திறப்பான் என எதிர்பார்ப்பது, விதையாத வயலில் அரிவாளோடு நிற்பதே.

அச்சடங்கின்போது தந்தை கூறும் வழக்கமான வாழ்த்தொன்று உண்டு. இப்பிள்ளையின் பழியிலிருந்து தன்னை விடுவித்ததற்காகக் கடவுளைப் போற்றுவது அதன் கருத்து. பிள்ளையின் பழியிலிருந்து தந்தை விடுபடலாம். பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமையிலிருந்து தந்தையை விடுவித்தது யார்?