"கையில முழுசா வேணுமா, ஈ.பி.எப். வேணுமா?"

வெசாக் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய் வந்தேன். கோணேஸ்வரத்துக்கும் போனேன்தான், ஆனால் பயணம் அதற்காக அல்ல. எங்கள் தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் எழுதிவிட்டு வேலை தேடிப் போன பிள்ளைகளில் ஏழு பேர் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் நான்கு பேர். நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இரண்டு பேர். ஏழாமவன் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் கலியாணம் முடித்து மாமனாரோடு கடலுக்குப் போகிறான். இவர்களுடைய தாய் தகப்பன்மார் நமது சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள். பிள்ளைகள் எந்தச் சங்கத்திலும் இல்லை.

கடையில் வேலை செய்கிற பையனிடம் ஈ.பி.எப். இலக்கம் கேட்டேன். சிரித்தான். "வேலைக்குச் சேரும்போதே முதலாளி கேட்டாரு டீச்சர், கையில முழுசா வேணுமா, ஈ.பி.எப். வேணுமான்னு. முப்பது பேசினாங்க. ஈ.பி.எப். புடிச்சா இருபத்தேழு சொச்சம்தான் வரும். ஐம்பத்தஞ்சு வயசுல வர்ற காசு இப்ப எதுக்கு?"

அவன் எனக்குக் கணக்கில் கெட்டிக்கார மாணவன். அதனால் அங்கேயே, கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை மேசையில், கணக்காகவே போட்டுக் காட்டினேன். 30,000 ரூபா சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், 2,400 ரூபா. முதலாளி தன் சொந்தப் பணத்தில் போட வேண்டியது 12 சதவீதம், 3,600 ரூபா. இதற்கு மேல் ஈ.டி.எப்.புக்கு முதலாளி 3 சதவீதம், 900 ரூபா. ஆக, 2,400 ரூபாவைக் கையில் வாங்குவதற்காக மாதா மாதம் 4,500 ரூபாவை முதலாளிக்கே திருப்பிக் கொடுக்கிறான். வருடத்துக்கு 54,000. அந்தக் கேள்வியை முதலாளி ஏன் அவ்வளவு அன்பாகக் கேட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

உண்மையில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முதலாளிக்கு உரிமை கிடையாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் விருப்பமிருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சில்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், தற்காலிகமாகச் செய்தாலும், துண்டு வேலை என்றாலும், முதல் நாளிலிருந்து பணம் போட வேண்டும். வீட்டு வேலை, குடும்பத்தார் மட்டுமே நடத்தும் தொழில் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. "மூன்று மாதம் பார்த்துவிட்டு ஈ.பி.எப். போடுவோம்" என்பதும் சட்டத்தில் இல்லாத பேச்சு. முதலாளி தன் 12 சதவீதத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டவும் முடியாது. அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் அவர் தலையில் விழும். பழைய நிலுவையைத் தொழில் ஆணையாளர் நீதிமன்றம் வரை போய் அறவிடலாம்.

ஹோட்டல் பிள்ளைகளின் நிலைமை வேறு. அங்கே சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரோடு முடிகிறது. பிறகு கண்டி, கொழும்பு, தெற்குக் கடற்கரை என்று போகிறார்கள். இரண்டு பேருக்கு ஈ.பி.எப். இருக்கிறது, ஆனால் மூன்று முதலாளிமாரிடம் மூன்று இலக்கங்கள். அது பிழையல்ல. அடையாள அட்டை இலக்கம் சரியாகப் பதிந்திருந்தால் கணக்குகளைப் பின்னர் ஒன்றாக்கிக்கொள்ளலாம். ஒரு இலக்கத்தைத் தொலைத்தால் அந்தக் காசைத் தேடி அலைய வேண்டிவரும். ஒரு பிள்ளை கேட்டாள்: "கலியாணம் முடிச்சு வேலைய விட்டா எடுக்கலாமாமே டீச்சர்?" எடுக்கலாம். பெண்களுக்குச் சட்டம் அந்த வழியை வைத்திருக்கிறது. ஆனால் இருபத்து மூன்று வயதில் எடுத்த காசு ஒரு நெக்லஸும் மண்டப வாடகையுமாக முடிந்துபோன கதைகள் நம் லயங்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பெயர், பிறந்த திகதி விடயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். என் அம்மா பதினாறு வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுத்தவர். செக்ரோலில் எழுதியது வீட்டில் கூப்பிடும் பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர். பிறந்த வருடமும் இரண்டு வருடம் முன்பின். ஐம்பது வயதில் பணம் எடுக்கப் போனபோது சத்தியக் கடதாசி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று பதினொரு மாதம் நடந்தோம். முப்பத்து நாலு வருட உழைப்பு ஒரு எழுத்துப் பிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்குத் தொடங்கும் அன்றைக்கே ஐந்து நிமிடம் செலவழித்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டிருந்தால் அந்தப் பதினொரு மாதமும் மிச்சம்.

ஈ.பி.எப். ஒரு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நகரப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருடத்துக்கு நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். 2023இல் அரசாங்கம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று கை வைத்ததும் இந்தப் பணத்தில்தான். அதை எதிர்த்துப் பேச வேண்டியது சங்கங்களின் கடமை, இனியும் பேச வேண்டும். ஆனால் நிதியைக் கேள்வி கேட்பது வேறு, அதற்கு வெளியே நிற்பது வேறு. வெளியே நிற்கிறவனுக்குப் பணவீக்கமும் உண்டு, முதலாளியின் 12 சதவீதமும் இல்லை.

முப்பதாயிரம் சம்பளம் ஒரு ரூபாவும் கூடாமல், வட்டி 9 சதவீதத்திலேயே நின்றாலும், பத்து வருடத்தில் கணக்கில் ஏறத்தாழ 11 இலட்சம் சேரும். அதில் பிள்ளையின் கையிலிருந்து போனது 288,000 ரூபாதான். பத்து வருடம் பணம் கட்டி, மீதி மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கவும் வழியிருக்கிறது. ஆக, "ஐம்பத்தஞ்சு வயசுல வர்ற காசு" என்பது முழு உண்மையல்ல.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. தோட்டத்தில் இருக்கிற நமக்கும்தான். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒரு பேருக்கு நம்மிடம் 108 ரூபா வெட்டியபோது, கம்பனி 162 ரூபா போட வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் கைக்காசுக்குக் கம்பனியின் இந்தப் பங்கு இல்லை. இப்போது மலைகளைப் பிரித்துக் குடும்பத்துக்குக் குடும்பம் கொடுத்து, "நீங்களே முதலாளி" என்று ஆசை காட்டுகிறார்கள். கிலோவுக்குக் கூடுதல் விலை என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளி ஆனவனுக்கு யார் 12 சதவீதம் போடுவது? திருகோணமலைக் கடைக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் கம்பனியும் கேட்கிறது, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இலங்கைத்துறைப் பையனுக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. படகு மாமனாருடையது, சம்பளம் மீனில் பங்கு. ஈ.பி.எப். கேட்க ஆளில்லை. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை, இப்படியானவர்களுக்கு 60 வயதிலிருந்து ஓய்வூதியம் கொடுக்கும் திட்டங்களை நடத்துகிறது. சிறு தொகையோடு சேரலாம், 59 வயது வரை. பிரதேச செயலகத்தில் விசாரிக்கச் சொன்னேன். அரசாங்க ஆசிரியையான எனக்கு ஓய்வூதியம் தானாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெற நான் எந்த முதலாளியிடமும் வாதாடவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

நமது சங்கம் பெரட்டுக் களத்தோடு நின்றுவிடக் கூடாது என்று மாவட்டக் கூட்டத்தில் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன். பிள்ளைகள் போகிற இடத்துக்குச் சங்கமும் போக வேண்டும். ஜூலை மாதப் போயா விடுமுறையில் மறுபடி திருகோணமலை போகிறேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிற அம்மா அப்பாமார், பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி, வேலைக்குச் சேர்ந்த திகதி, சம்பளத் துண்டு இருந்தால் அதையும் தோட்டக் கமிட்டித் தலைவர் அல்லது மாதர் தலைவியிடம் கொடுத்துவிடுங்கள். சம்பளத் துண்டே தராத இடம் என்றால், அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாட்டைப் பிள்ளையை முன்னால் தள்ளாமல் சங்கத்தின் பெயரில் கொடுப்போம். ஹார்ட்வெயார் கடைப் பையனுடைய பெயர்தான் இப்போதைக்கு முதலாவதாக இருக்கிறது. நான் புறப்படும்போது பஸ் நிலையம் வரை வந்து, அடையாள அட்டைப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.